சுவாதிஷ்டானமும் நையாண்டி மேளமும்

அய்யா,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். நான்கு நாளாகப் போனில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். நீ “சொல்லுங்கப்பா” என்றதும் மழை, மருந்தடிப்பு, கவாத்து என்று எல்லாம் வாயில் வருகிறது, சொல்ல வந்தது மட்டும் வருவதில்லை. உன் அம்மாதான் ஒரு பழைய நோட்டை என் முன்னால் போட்டு, “பேச்சுத்தேன் வரலேல்ல, எழுதியாச்சும் தொலைங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். காலை வெயில் ஏறுவதற்குள் முடிக்கலாம் என்று திராட்சைப் பந்தலுக்குக் கீழே, மோட்டார் தொட்டித் திட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ இதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போய்விடுவாய் என்பதால் இன்னொரு தடவை சொல்கிறேன்: உன் அப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பிள்ளையும் படிக்கட்டும். பிள்ளை வளர்க்கிறேன் பேர்வழி என்று விறைத்துக்கொண்டு திரிகிற என் வயசுத் தகப்பன்மார் யார் கையில் கிடைத்தாலும் சரிதான்.

போடியில் உன் நிச்சயதார்த்தத்தன்று எடுத்த போட்டோவைப் பார்த்திருப்பாய். கூடம் நிறைய ஜமுக்காளம் விரித்து இரண்டு வீட்டு ஆட்களும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் நான் மட்டும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்க வந்த வாத்தியார் மாதிரி. தாம்பூலத் தட்டை மாற்றும்போது பாவம், சம்பந்தி எக்கி எக்கி என்னிடம் நீட்டினார். முப்பது வருஷமாகப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து, கையைத் தூக்கி, முதுகை வளைத்து வேலை பார்த்த உடம்பு. இடுப்பு பூட்டிக்கொண்டுவிட்டது. எலும்பில் பெரிய கோளாறு இல்லை, சதைதான் இறுகிக் கிடக்கிறது, ஆட்டி அசைத்துக் கொடுங்கள் என்று எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. கல்யாணத்தன்று மணவறைக்குப் பக்கத்திலும் நாற்காலி போட்டுத்தான் உட்காரப் போகிறீர்களா என்று உன் அம்மா பிடித்த பிடியில்தான் உத்தமபாளையத்து யோகா வகுப்பில் சேர்ந்தேன்.

அதே வாரத்தில்தான் நீ போன் செய்தாய். கல்யாணத்துக்கு மேளம் வேண்டாம் என்றாய். மண்டபத்தில் மெதுவாகப் பாட்டுப் போட்டால் போதும், நையாண்டி மேளம், ஆட்டம் எதுவும் வேண்டாம், எனக்கு அந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்றாய். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. நம் பக்கத்தில் மேளம் இல்லாமல் மாப்பிள்ளை அழைப்பா, பிள்ளைக்கு என்ன குறை என்று என்னைக் கேட்டாள். நான் தெரியாது என்றேன். பொய். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். பதினைந்து வருஷமாக நாம் இரண்டு பேரும் அதை வாயில் எடுத்ததில்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான். நடுவில் யோகா நிறைய வரும், பொறுத்துக்கொள். அது இல்லாமல் எனக்கு இது வந்திருக்காது.

வகுப்பு ஒரு உரக்கடை மாடியில், காலை ஐந்தரைக்கு. கீழே இருந்து யூரியா வாடை வரும். நடத்துகிறவர் மங்கையர்க்கரசி டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் கழுத்தில் விசில் தொங்கும். பதினோரு பெண்கள். ஆம்பளை என்று நானும், கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற காதர் பாயும் மட்டும்தான். அவர் சர்க்கரைக்காக வருகிறார். முதல் நாளே டீச்சர் என்னை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, உங்களுக்குச் சுவாதிஷ்டானத்தில்தான் வேலை இருக்கிறது என்றார். அது என்ன கட்டடம் என்று கேட்டேன். தொப்புளுக்குக் கீழே நாலு விரல் தள்ளி, அதற்கு நேர் பின்னால் முதுகுத்தண்டில் இருக்கிறதாம். மூலாதாரத்துக்கு மேலே இரண்டாவது சக்கரம். தன்னுடைய இருப்பிடம் என்று பெயருக்கு அர்த்தம். செம்மஞ்சள் நிறத்தில் ஆறு இதழ்த் தாமரை, ‘வம்’ என்கிற ஒலி, நீர்த் தத்துவம். சந்தோஷம், ஆசை, ஒன்றைப் புதிதாகப் பிறப்பிக்கிற சக்தி எல்லாம் அங்கேதான் ஊறும் என்று யோக மரபில் சொல்வார்களாம். அது வற்றினால் இடுப்பு இறுகும், மனசு வறளும், சிரிப்பு வராது. அது பொங்கினால் ஆசைக்கு அளவு இருக்காது, எதையும் நிறுத்தத் தெரியாது. எக்ஸ்ரேயில் தாமரை ஒன்றும் தெரியவில்லையே டீச்சர் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்காமல், “எக்ஸ்ரேல ஒங்க கோவமுந்தேன் தெரியல. இல்லைன்னு ஆயிருமாண்ணே?” என்றார்.

அதற்கப்புறம் ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தேன். ஒழுங்காக என்றால் உடனே எல்லாம் வந்துவிடவில்லை. பட்டாம்பூச்சி ஆசனம் என்று ஒன்று, இரண்டு உள்ளங்காலையும் சேர்த்து வைத்து முழங்காலை இரண்டு பக்கமும் தரைக்கு இறக்க வேண்டும். மற்றவர்களுக்கு முழங்கால் இறங்கியது, எனக்குப் பந்தல் கல்தூண் மாதிரி இரண்டும் நட்டுக்கொண்டு நின்றது. அப்புறம் மாவரைக்கிற ஆசனம். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் கோத்து, குழவி சுற்றுகிற மாதிரி இடுப்பிலிருந்து வட்டம் போட வேண்டும். கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு நாள் மாவாட்டிக் கொடுத்ததில்லை, இப்போது வெறும் காற்றை ஆட்டுகிறாரா என்று உன் அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டது. ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் பந்தலுக்கு அடியில் மலாசனம் பழகலாம் என்று குத்த வைத்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். கொடி வெட்டிக் கவாத்து செய்ய வந்த ஆட்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கிவிட்டார்கள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. இந்தச் சக்கரத்துக்குச் சந்தோஷம்தான் தீனி என்று டீச்சர் சொன்னதை நான் என் வசதிக்குப் புரிந்துகொண்டேன். ஒரு வாரம் தினமும் கம்பத்தில் பரோட்டா, அல்வா, தோட்டத்துக்குப் போகாமல் சினிமா. எட்டாம் நாள் வயிறு தகராறு செய்தது, குனிய முடியவில்லை. டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். நீங்கள் திராட்சைக்காரர்தானே, பழுக்கிற நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். பழம் வெடித்துப் போகும் என்றேன். விசிலை ஊதி அடுத்த ஆசனத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உனக்குத் தெரியும், அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நாம் தண்ணீரை நிறுத்திவிடுவோம். அப்போதுதான் இனிப்பு ஏறும். இந்த ஊர்ப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் நான் ஒரு பேராசை பட்டேன். பத்து நாளில் இவ்வளவு இனிப்பு என்றால் இருபது நாள் நிறுத்தினால் எவ்வளவு இனிக்கும் என்று வாய்க்காலை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இலை சுருண்டது. கொத்து வற்றிச் சுருங்கித் தொங்கியது. பழம் எடுக்க வந்த வியாபாரி ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு மென்றுவிட்டு, “இனிப்பு இருக்குண்ணே. பழத்தத்தேன் காணோம்” என்றான். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அவனை அடிக்கப் போனேன். இப்போது யோசித்தால் அவன் சொன்னது திராட்சைக்கு மட்டும் இல்லை. உன்னை வளர்த்த விஷயத்திலும் நான் அதே கணக்கைத்தான் போட்டேன். முதல் மார்க் வாங்கி வந்தால் ம் என்பேன். நீ வரைந்து காட்டினால் தாளைத் திருப்பி வைப்பேன். பாராட்டினால் பிள்ளை வெடித்துவிடும், சந்தோஷத்தை அடைத்து வைத்தால்தான் இனிப்பு ஏறும் என்று நிஜமாகவே நம்பினேன். கெட்ட எண்ணம் கிடையாதுப்பா. ஆனால் நல்ல எண்ணத்தில் அடைத்தாலும் கொடி காயத்தான் செய்கிறது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். நீ ஒன்பதாவது படித்தாய். நம்மூர்க் காளியம்மன் கோயில் பொங்கல், சாயங்காலம் சாமி புறப்படுகிற நேரம். நான் தோட்டத்தில் இருந்து வந்துகொண்டிருந்தேன். தெரு முக்கில் நையாண்டி மேளம், சுற்றிலும் கூட்டம், கூட்டத்துக்கு நடுவில் நீ. அந்தத் தவில்காரர் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு உனக்கு முன்னால் வந்து நின்று அடிக்கிறார், நீ அவர் அடிக்கு அடி இடுப்பை வெட்டி வெட்டி ஆடுகிறாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, அப்புறமும் பார்க்கவில்லை. யாரோ ஒருத்தர் என் தோளைத் தட்டி உன் மகன் நல்லா ஆடுறான் என்றார். நல்லதாகத்தான் சொன்னார். எனக்கு அது நக்கலாகக் கேட்டது. நேராகப் போய் உன் கையைப் பிடித்து இழுத்தேன். “ஏலே, இடுப்ப ஆட்டிக்கிட்டுத் திரியிறவன் எனக்கு மகன் இல்லடா” என்றேன். மேளம் நின்றுவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால், அவ்வளவு அமைதியில், உன்னைத் தெரு முழுக்க இழுத்துக்கொண்டு வந்தேன். நீ அழவில்லை. அன்றிலிருந்து எந்த மேளத்துக்கும் நீ ஆடவில்லை. உன் அக்கா கல்யாணத்தில் உன் கூட்டாளிகள் எல்லாம் ஆடி விழுந்தார்கள், நீ கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றாய். அந்த நிற்பை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல காரணம் வைத்திருந்தேன். பரீட்சை வருகிறது, ஊர் சிரிக்கும், ஆம்பளைப் பிள்ளை. எல்லாம் சப்பைக்கட்டு. உண்மையை இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை, அவளும் இங்கேதான் படித்துத் தெரிந்துகொள்ளப் போகிறாள். தோட்டத்தில் இருந்து வரும்போதே மேளச் சத்தம் கேட்டது. வரப்பிலேயே என் கால் தாளம் போட்டது. இடுப்பு ஒரு வெட்டு வெட்டியது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தேன். அந்தக் கூச்சத்தோடு தெரு முக்குக்கு வந்தால், நான் யாருக்கும் தெரியாமல் அடக்கிக்கொண்டதை நீ ஊர் நடுவில் பயமில்லாமல் செய்துகொண்டிருக்கிறாய். எனக்கு உன் மேல் பொறாமை அய்யா. தகப்பன் மகன் மேல் பொறாமைப்படுவான் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

இது எனக்குத் தானாகத் தோன்றவில்லை. போன மாதம் ஒரு முகூர்த்த நாள். நாங்கள் எல்லோரும் காலை நீட்டி மாவரைத்துக்கொண்டிருந்தோம். கீழே கம்பம் ரோட்டில் யாரோ தாய்மாமன் சீர் கொண்டு போனார்கள், நையாண்டி மேளத்தோடு. டீச்சர் ஜன்னலைச் சாத்தப் போனார். பாதியில் திரும்பிப் பார்த்தவர் சாத்தவில்லை. ஏனென்றால் பதின்மூன்று பேரும் அந்த அடிக்கே சுற்றிக்கொண்டிருந்தோம். காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிறார். டீச்சர் விசிலை ஊதி எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, நின்றபடியே இடுப்பைச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். இரண்டு சுற்றுவரைக்கும் நான் சுற்றினேன், மூன்றாவது சுற்று தானாகச் சுற்றியது. முட்டிக்கால் மடங்கியது, தோள் ஏறி இறங்கியது. என்னண்ணே இது என்று கேட்டுக்கொண்டே காதர் பாயும் ஆடினார். பெண்கள் கை தட்டினார்கள். உரக்கடைக்காரர் மேலே ஏறி வந்து வாசற்படியில் நின்று பார்த்தார். நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், கண்ணில் எப்போது தண்ணீர் வந்தது என்று தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். நிற்கவே இல்லை, அப்படிக் கொட்டுகிறது. டீச்சர் ஒரு துண்டை என் மடியில் போட்டுவிட்டு, “நீர்த் தத்துவம்ணே. வரட்டும், அடைக்காதீக” என்றார். சக்கரம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதை இப்போதும் நான் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். ஆனால் அன்று காலை எனக்குள் ஒரு வாய்க்கால் திறந்தது, அதில் முதலில் வந்தது உன் முகம்.

மறுநாளே சின்னமனூருக்குப் போய், காளியம்மன் பொங்கலன்று உனக்கு அடித்த அந்தத் தவில்காரரைத் தேடிப் பிடித்தேன். மாரிமுத்து என்று பெயர், அறுபதைத் தாண்டிவிட்டார், இன்னும் அடிக்கிறார். என் மகன் கல்யாணம் என்றேன், ஊரைச் சொன்னேன். என் முகத்தை உற்றுப் பார்த்தார். “காளியம்மன் பொங்கலுக்கு ஆடுனானே, நீங்க கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனீகளே, அந்தப் பையனா?” என்றார். ஆமாம் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். “நாங்க ஊருக்குத்தேன் அடிக்கப் போறது. ஆனா எந்த ஊருக்குப் போனாலும் கூட்டத்துல ஒரு ஆளப் பிடிச்சுக்கிருவோம், அவனுக்குத்தேன் அடிப்போம். அன்னைக்கு ஒங்க மகனுக்குத்தேன் அடிச்சேன். இத்தன வருசத்துல அப்பிடி ஆடுனவுக ரெண்டு மூணு பேருதேன். நீங்க இழுக்கவும் நிறுத்திட்டேன். நிறுத்தியிருக்கக் கூடாது.” இத்தனை வருஷமாக அவர் மனசிலும் அது கிடந்திருக்கிறது பார்.

உனக்கு உபதேசம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் தகப்பன் கடிதம் என்றால் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். நீ பெங்களூரில் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். போன தடவை வந்தபோது செருப்பு மாட்டக் குனிகையில் முனகினாய், நான் கவனித்தேன். காலையில் வெறும் வயிற்றில் பத்து நிமிஷம் ஒதுக்கு. பட்டாம்பூச்சி, மாவரைப்பு, மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் பாலம் மாதிரித் தூக்குகிற சேதுபந்தாசனம், இந்த மூன்றும் போதும். கடைசியில் சும்மா படுத்து, தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, மூச்சு அதுவரைக்கும் இறங்குகிறதா என்று பார். முழங்காலைக் கையால் அமுக்காதே, வலித்தால் நிறுத்திவிடு, நான் அமுக்கி இரண்டு நாள் நொண்டினேன். கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பிள்ளையிடம் எது பிடித்தாலும் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடு. குழம்பு ருசியாக இருந்தாலும் சரி, அவள் வேலையில் கெட்டிக்காரியாக இருந்தாலும் சரி. அறுப்பு வரைக்கும் அடைத்து வைக்காதே. அதற்காக என்னை மாதிரி ஒரு வாரம் பரோட்டாக் கடையிலும் கிடக்காதே. அளவு தெரிந்து பாய்ச்சுவதற்குத்தான் இந்தப் பாடுபட்டுப் பழகுகிறோம் என்று நினைக்கிறேன்.

மாரிமுத்து அண்ணனுக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டேன். கோபப்படாதே, முழுக்கக் கேள். உன் பேச்சை மீறி மேளம் அடிக்கச் சொல்ல மாட்டேன். இரண்டாவது தடவையும் உன் இஷ்டத்தைக் கேட்காமல் கையைப் பிடித்து இழுக்க எனக்கு மனசில்லை, இந்தத் தடவை ஆட்டத்துக்கு உள்ளே இழுப்பது என்றாலும். மாப்பிள்ளை அழைப்பு அந்தத் தெரு முக்கு வழியாகத்தான் வரும். அவர் ஆட்களோடு அங்கே நிற்பார், ஆனால் அடிக்க மாட்டார். நீ வேண்டாம் என்று தலையை ஆட்டினால் எல்லோரும் மண்டபத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. அவரே சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பிடிக்க முடியாது. ஆனால் அதே தெரு முக்கில், அதே ஆட்களுக்கு முன்னால், இவன் என் மகன் என்று சொல்லப் போகிறேன். நீ ஆடினாலும் ஆடாவிட்டாலும் அதைச் சொல்லுவேன். என்னை மன்னித்துவிடு அய்யா.

அவர் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உன் முகத்தைத்தான் பார்ப்பார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். நீ தலையை அசைத்தால் முதல் ஆட்டம் உன்னுடையது. கூச்சமாக இருந்தால் என் பக்கம் பார்க்காதே, உன் பாட்டுக்கு ஆடிக்கொண்டு போ. நான் பின்னாலேயே வருவேன். இடுப்பு இப்போது நன்றாகச் சுற்றுகிறது, இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது.

உன் அப்பா